லித்கோ: துப்பாக்கி தெரியும், ஊர் தெரியுமா?

#1 மலைக்கு மேற்கே

பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ-என்ஃபீல்டு ரைஃபிளைப் பற்றி இங்கே ஏற்கெனவே பல இழைகள் ஓடிவிட்டன. எல்லாவற்றிலும் பேச்சு ஒன்றுதான், போல்ட் (குண்டை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம்) எவ்வளவு வேகம், நிமிடத்துக்கு எத்தனை குண்டு, எந்தப் போரில் யார் தூக்கிக்கொண்டு போனார்கள். அதைச் செய்தவர்கள் எந்த ஊரில் எப்படி இருந்தார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. அதனால்தான் இந்த இழை. நான் பேசப்போவது அந்த ரைஃபிளைச் செய்த ஆஸ்திரேலிய ஊரான லித்கோ பற்றி.

சிட்னியிலிருந்து மேற்கே ஏறக்குறைய 150 கிலோமீட்டர், நீல மலையைத் தாண்டியதும் ஒரு பள்ளத்தாக்கு, அதில் இந்த ஊர். நிலக்கரிச் சுரங்கம், இரும்பு உலை, ரயில், இவை மூன்றும்தான் ஊருக்குச் சோறு போட்டவை. ஆஸ்திரேலியாவில் முதன்முதலாக எஃகு வார்த்தது 1900இல், இங்கேதான். 1907இல் நாட்டுக்குச் சொந்தமாக ஒரு துப்பாக்கித் தொழிற்சாலை வேண்டும் என்று அரசு முடிவெடுத்தபோது லித்கோவின் பெயர் எழுந்ததற்குக் காரணம் இதுதான். கரி பக்கத்தில், எஃகு பக்கத்தில், கடலிலிருந்து மலைக்குப் பின்னால். எதிரிக் கப்பல் கரையில் நின்று சுட்டாலும் இங்கே எட்டாது.

1912 ஜூன் 8ஆம் தேதி பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் பியர்ஸ் திறந்து வைத்தார். கட்டுமானத்தையும் எந்திரம் நிறுவும் வேலையையும் பார்த்துக்கொண்டவர் வில்லியம் கிளார்க்சன் என்ற கடற்படைப் பொறியாளர். எந்திரங்கள் வந்தது இங்கிலாந்திலிருந்து அல்ல, அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரிலிருந்து, பிராட் அண்டு விட்னி கம்பெனியிடமிருந்து. விமான எஞ்சின் கம்பெனியாக அந்தப் பெயரை அறிந்தவர்கள் கவனிக்கவும், அந்த நாளில் அவர்கள் எந்திரம் செய்கிற எந்திரக் கம்பெனி. பிரிட்டிஷ் பேரரசின் ஒரு பகுதி, பிரிட்டிஷ் ராணுவத்தின் துப்பாக்கியைச் செய்ய, பிரிட்டிஷ் கம்பெனிகளை விட்டுவிட்டு அமெரிக்காவிடம் எந்திரம் வாங்கியது. அந்த நாளில் இது சின்ன விஷயம் இல்லை.

1913இல் முதல் துப்பாக்கிகள் வெளியே வந்தன. மறு வருடம் போர். செம்மறி மேய்ச்சலும் சுரங்கமும் சூழ்ந்த ஒரு ஊருக்கு, தொழில் பழகி முடிக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. எனக்கு இந்த ஊரின் மேல் மனம் போனது அந்த இடத்தில்தான்.

தெரிந்தவர்கள் சேர்ந்து எழுதுங்கள்.

#2 பழைய டர்னர்

நல்ல இழை. நான் முப்பது வருடம் லேத்தில் நின்றவன், அதனால் ஊரை விட எந்திரக் கூடம்தான் எனக்குக் கண்ணில் படுகிறது.

துப்பாக்கித் தொழிற்சாலை என்றால் பலரும் இரும்பைக் காய்ச்சி அடிக்கிற இடம் என்று நினைக்கிறார்கள். இல்லை. அது கேஜ், அதாவது அளவு சரிபார்க்கும் கருவி, வைத்து அளக்கிற இடம். ஒரு துப்பாக்கியின் போல்ட் இன்னொன்றில் போய் உட்கார வேண்டும், அதுதான் முழு விஷயமும். ஒருவர் ஒரே ஒரு துளை போடுவார், அடுத்தவர் ஒரே ஒரு பக்கம் சீவுவார், ஒவ்வொரு வேலைக்கும் தனி ஜிக் (துண்டைச் சரியான இடத்தில் பிடித்து வைக்கும் சட்டம்), தனி கேஜ். ‘கோ’ பக்கம் போக வேண்டும், ‘நோ கோ’ பக்கம் போகக் கூடாது. இரண்டும் போனால் துண்டு குப்பைக்கு. இந்த முறையில் முழுத் தொழிலாளி தேவையில்லை, சில வாரம் பழகியவர் போதும். ஆனால் அந்த ஜிக்கையும் கேஜையும் செய்கிற டூல் ரூம் ஆள் இருக்கிறாரே, அவர் முழுத் தொழிலாளியாக இருந்தே ஆக வேண்டும். போர் வந்ததும் இப்படிப்பட்ட ஊர்களில் தட்டுப்பாடு வருவது அங்கேதான். கட்டடத்தைச் சில மாதத்தில் கட்டலாம், ஒரு டூல் ரூம் ஆளைச் சில மாதத்தில் உருவாக்க முடியாது.

இன்னொன்று. குழலை நிமிர்த்துகிற வேலை. நீளமாகத் துளை போட்டு, வெளியே சீவி முடித்த குழல் கொஞ்சமாவது வளைந்துதான் இருக்கும். அதைக் கண்டுபிடிப்பது எந்திரம் இல்லை, மனிதக் கண். குழலை சன்னல் வெளிச்சத்துக்கு நேரே நீட்டி ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தால், சன்னல் சட்டத்தின் நிழல் பளபளக்கிற உள்சுவரில் மெல்லிய கோடாக ஓடும். குழல் நேராக இருந்தால் கோடும் நேராக ஓடும். எங்கே வளைவோ அந்த இடத்தில் கோடு லேசாகக் கோணும். குழலைக் கையிலேயே உருட்டி, கோணல் எந்தப் பக்கம் என்று பார்த்து, பிரஸ்ஸில் வைத்து ஒரு அழுத்து, மறுபடி வெளிச்சம், மறுபடி அழுத்து. நான் ஷாஃப்ட் நிமிர்த்தியிருக்கிறேன், டயல் கேஜ் வைத்து. துளைக்குள் நிழலைப் பார்த்து நிமிர்த்துவது வேறு வித்தை. ஒரு ஷிஃப்ட் முழுக்க அதைச் செய்தவர்களின் கண்ணை நினைத்துப் பார்க்கிறேன்.

#3 வடகரை

மன்னிக்கவும், நான் கொஞ்சம் எதிர்க்கருத்து. ஒரு சின்ன ஊருக்கு அரசுத் தொழிற்சாலை, நிரந்தரச் சம்பளம், ரயில், இரண்டு போரிலும் வேலைக்குப் பஞ்சமே இல்லை. எத்தனையோ சுரங்க ஊர்கள் கரி தீர்ந்ததும் ஆளில்லாமல் போயிருக்கின்றன. லித்கோவுக்குப் போர் வாழ்வு கொடுத்தது என்றுதான் நேராகச் சொல்ல வேண்டும். அந்தத் துப்பாக்கியின் மறுமுனையில் இருந்தவர்களை விட்டுவிட்டு, செய்தவர்களுக்காக மட்டும் உருகுவது எனக்கு ஒட்டவில்லை.

#4 மலைக்கு மேற்கே

வடகரை அண்ணா, மறுமுனையில் இருந்தவர்களை மறக்கவில்லை. அவர்களைப் பற்றி எழுத ஆயிரம் இழை வேண்டும், எழுதவும் வேண்டும். ஆனால் “வேலைக்குப் பஞ்சமே இல்லை” என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

முதல் போரின்போது ஆட்கள் குவிந்தார்கள், வீடு இல்லை. கூடாரத்திலும் தகரக் கொட்டகையிலும் குடும்பத்தோடு இருந்தார்கள். லித்கோ கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல், குளிர்காலத்தில் உறைபனி, சில நாள் வெண்பனியே விழும். அந்தக் குளிரில் கூடாரம். ஆள் சேர்ந்தாலும் நிற்காமல் போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம். லிட்டில்டன் என்ற பகுதியில் தொழிற்சாலை ஆட்களுக்கென்று அரசு வீடுகள் கட்டியது போர் முடிகிற நேரத்தில்தான். யாருக்காகக் கட்டினார்களோ அவர்கள் தேவைப்பட்ட காலம் முடிந்த பிறகு வீடு வந்தது.

அதற்கு நடுவில் இன்னொரு பயம். ஆயுத உற்பத்தியை மொத்தமாகப் புதுத் தலைநகர் கான்பெராவுக்குப் பக்கத்தில் டகரனாங் என்ற இடத்துக்கு மாற்றுவது என்று போர்க்காலத்திலேயே திட்டம் போட்டார்கள். இரவு பகலாகத் துப்பாக்கி செய்துகொண்டிருக்கும் ஊருக்கு, உங்கள் தொழிற்சாலை இங்கே இருக்கப்போவதில்லை என்ற செய்தி. போர் முடிந்ததும் திட்டம் கைவிடப்பட்டது. அதற்குள் ஊர்க்காரர்கள் பட்ட பாடு பட்டதுதான்.

அப்புறம் அமைதிக்காலம். ராணுவத்துக்குத் துப்பாக்கி வேண்டாம், ஆளைக் குறைத்துக்கொண்டே போனார்கள். மிச்சம் இருந்தவர்களுக்கு வேலை கொடுக்க வெளி ஆர்டர் பிடித்தார்கள். ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கைக்கருவி, ஸ்பானர், கைவிலங்கு, சினிமா புரொஜெக்டருக்கு வேண்டிய பாகங்கள் என்று கிடைத்ததை எல்லாம் செய்தார்கள். இதே காலத்தில் ஊரின் இரும்பு உலையும் போய்விட்டது. 1928இல் ஊதுலை நின்றது, எஃகுத் தொழில் கடற்கரையில் உள்ள போர்ட் கெம்பிளாவுக்கு மாறியது. பக்கத்தில் எஃகு இருக்கிறது என்பதற்காகத்தானே இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள்? எஃகு போய்விட்டது, துப்பாக்கி மட்டும் மலைக்குப் பின்னால் நின்றுவிட்டது. போர் வாழ்வு கொடுத்தது என்றால், அந்த வாழ்வு எப்போது வரும், எப்போது போகும் என்பதில் ஊருக்கு ஒரு சொல்லும் இல்லை.

#5 கரிசல்மண்

ஓவன் கன் என்று ஒரு சப்மெஷின் கன், சேற்றில் போட்டு எடுத்தாலும் சுடும் என்பார்களே, அதுவும் லித்கோவில் செய்ததுதானே?

#6 பழைய டர்னர்

இல்லை தம்பி, பலரும் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஓவன் கன் செய்தது லைசாட் கம்பெனி, போர்ட் கெம்பிளாவில். வடிவமைத்த எவ்லின் ஓவன் பக்கத்து ஊரான வொல்லங்காங்கைச் சேர்ந்தவர். லித்கோவில் இரண்டாம் போரில் செய்தது மூன்று வகை: பழைய .303 ரைஃபிள் (அதுதான் லீ-என்ஃபீல்டு), விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கி, பிரென் என்ற இலகு இயந்திரத் துப்பாக்கி.

ஓவனையும் பிரெனையும் பக்கத்தில் வைத்தால் இரண்டு உலகம். ஓவனைக் குழாய், தகடு, வெல்டிங் என்று முடிந்தவரை எளிதாகச் செய்தார்கள். பிரெனின் உடல் அப்படியில்லை. பெரிய எஃகுக் கட்டி ஒன்றை எடுத்து, அதில் பெரும்பகுதியைச் சீவி எறிந்துவிட்டு, மிச்சம் இருப்பதுதான் துப்பாக்கியின் உடல். ஒரு எந்திரத்திலிருந்து அடுத்ததுக்கு, அங்கிருந்து அடுத்ததுக்கு, நூற்றுக்கணக்கான முறை பிடித்துக் கட்டி, சீவி, அளந்து. கடைசியில் ஒரு துளை தப்பினால் அத்தனை பேர் உழைப்பும் போச்சு. அதை 1941 தொடங்கி ஆயிரக்கணக்கில் செய்தார்கள். எனக்கு இது பெரிய விஷயமாகத் தெரிகிறது.

#7 கரிசல்மண்

நன்றி ஐயா, திருத்திக்கொண்டேன். லித்கோவிலிருந்து எஃகு போன அதே போர்ட் கெம்பிளாவில்தான் ஓவன் கன் பிறந்தது என்பதையும் இப்போதுதான் சேர்த்துப் பார்க்கிறேன்.

#8 மரவேலைக்காரன்

துப்பாக்கியில் பாதி மரம், அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, அதனால் நான்.

இந்த ரைஃபிளுக்கு வழக்கமான மரம் வால்நட். ஆஸ்திரேலியாவில் அது காட்டு மரம் இல்லை, வெளியிலிருந்து வர வேண்டும். அதனால் உள்ளூர் மரம் தேடினார்கள். முதலில் குயின்ஸ்லாந்து மேப்பிள், இரண்டாம் போரில் பெரும்பாலும் கோச்வுட். கோச்வுட் பார்க்க அழகு, இழைக்கச் சுலபம், எடை குறைவு. ஆனால் கொஞ்சம் மென்மை. சுடும்போது வருகிற பின்னுதைப்பு முழுவதையும் துப்பாக்கியின் இரும்பு உடல் முன்கட்டைக்குள் (குழலுக்குக் கீழே வரும் மரம்) இரண்டே இரண்டு சின்ன இடங்களில் மரத்தின் மேல் இறக்குகிறது. ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவு இருக்கும். மென்மையான மரம் அங்கே அழுந்தி அழுந்தி இடம் விட்டுவிடும், இடம் விட்டால் குறி தப்பும். லித்கோக்காரர்கள் என்ன செய்தார்கள் என்றால், அந்த இரண்டு இடத்திலும் சின்னச் செம்புத் தகடு வைத்தார்கள். அவ்வளவுதான். கழற்றிப் பார்க்காவிட்டால் அது இருப்பதே தெரியாது. லித்கோ துப்பாக்கியை அடையாளம் காண நினைப்பவர்கள் இன்றும் முன்கட்டையைக் கழற்றி முதலில் தேடுவது அந்தச் செம்பைத்தான்.

இதே துப்பாக்கி நம் நாட்டில் கல்கத்தா பக்கத்தில் இஷாப்பூரிலும் ஆனது. அங்கேயும் மரம் தொல்லை கொடுத்தது, அவர்கள் கண்டுபிடித்தது முன்கட்டையில் குறுக்கே ஒரு திருகு. சேகரிப்பாளர்கள் அதற்கு ‘இஷாப்பூர் ஸ்க்ரூ’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வரைபடம் இங்கிலாந்திலிருந்து ஒன்றுதான் வந்தது, ஆனால் மரம் உள்ளூர் மரம், அதற்கு மருந்தும் உள்ளூரில்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வரைபடத்தில் இல்லாத அந்தச் செம்பையும் திருகையும்தான் நான் வரலாறு என்பேன்.

#9 நீலகிரிக்காரி

மரவேலைக்காரன் இஷாப்பூரைச் சொன்னதால் ஒரு வார்த்தை. .303 குண்டுக்குள் போகும் கார்டைட் வெடிமருந்து செய்யத்தான் குன்னூருக்குப் பக்கத்தில் அருவங்காட்டில் 1900களின் தொடக்கத்தில் தொழிற்சாலை கட்டினார்கள். அதுவும் மலை, அதுவும் குளிர், அதுவும் சின்ன ஊர். சங்குச் சத்தத்தை வைத்து நேரம் பார்க்கிற ஊரில் வளர்ந்தவர்களுக்கு லித்கோவைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. இதுவரை எட்டுப் பதிவு வந்துவிட்டது, பெண்களைப் பற்றி ஒரு வரி இல்லை. இரண்டாம் போரில் அந்த எந்திரங்களில் நின்றவர்களில் பெரும் எண்ணிக்கை பெண்கள். அதற்கு முன் ஆஸ்திரேலியாவில் பெண்ணின் கூலி ஆணின் கூலியில் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான், அது வழக்கம் மட்டுமல்ல, நீதிமன்றமே ஒப்புக்கொண்ட கணக்கு. 1942இல் பெண்கள் வேலைவாய்ப்பு வாரியம் என்று ஒன்றை அமைத்து, ஆண்கள் பார்த்த வேலையைப் பெண்கள் பார்த்தால் ஆண் கூலியில் 60 முதல் 100 சதவீதம் வரை தரலாம் என்றார்கள். அதே கேஜ், அதே துண்டு, ‘நோ கோ’ பக்கம் போனால் அதே குப்பைத் தொட்டி. கூலிக்கு மட்டும் சதவீதம். டர்னர் ஐயா சொன்ன குழல் நிமிர்த்துகிற கண்ணுக்கு ஆண் பெண் உண்டா? போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களிலும் முதல் வரிசை அவர்களே. வடகரை அண்ணா கேட்ட ‘வாழ்வு’ கணக்கில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

#10 பழைய டர்னர்

இல்லை அம்மா, கண்ணுக்கு அப்படி ஒன்றும் இல்லை. நான் ‘ஆள்’ என்று எழுதியபோது மனதில் ஆண்தான் இருந்தான் என்பதும் உண்மை. சரியாகச் சொன்னீர்கள்.

#11 வடகரை

நீலகிரிக்காரி சொன்னதை ஏற்கிறேன். மலைக்கு மேற்கே சொன்ன அமைதிக்கால விவரமும் எனக்குப் புதிது. ஒரு கேள்வி. இரண்டாம் போரில் இத்தனை வகைத் துப்பாக்கியை அந்த ஒரே பள்ளத்தாக்கில் எப்படிச் செய்து முடித்தார்கள்? ஆளுக்கு எங்கே போனார்கள்?

#12 மலைக்கு மேற்கே

ஆளைத் தேடிக்கொண்டு தொழிற்சாலையே போனது. இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1940 ஜூனில் பிரான்ஸ் விழுந்தது. டன்கர்க்கில் பிரிட்டிஷ் ராணுவம் ஆயுதத்தைப் போட்டுவிட்டு உயிர் தப்பியது. இனி லண்டனிலிருந்து எதுவும் வராது, நாம்தான் அங்கே அனுப்ப வேண்டும் என்ற நிலை. லித்கோவில் ஆயிரக்கணக்கில் ஆள் எடுத்தார்கள், மறுபடி அதே கதை, வீடு இல்லை. விடுதிகள் நிரம்பின. பகல் ஷிஃப்ட்காரர் எழுந்த கட்டிலில் சூடு ஆறுவதற்குள் இரவு ஷிஃப்ட்காரர் வந்து படுப்பார். அதற்கு மேல் ஊர் தாங்கவில்லை. 1941 டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்கியதும் இன்னொரு கவலை, எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது, ஒரு குண்டு விழுந்தால் போச்சு. 1942 மே 31 இரவு ஜப்பானியக் குட்டி நீர்மூழ்கிகள் சிட்னி துறைமுகத்துக்குள்ளேயே வந்துவிட்டன என்பதை நினைவில் வையுங்கள். கடலிலிருந்து எட்டாது என்று 1912இல் போட்ட கணக்கு விமானம் வந்த பிறகு செல்லாது. லித்கோவைச் சுற்றி 3.7 அங்குல விமான எதிர்ப்புப் பீரங்கிகளை நிறுத்தினார்கள். சவுத் போவன்ஃபெல்ஸில் அந்தப் பீரங்கி மேடைகள் இன்றும் இருக்கின்றன. எதிரி விமானம் ஒன்றும் வரவில்லை.

அதனால் வேலையைப் பிரித்தார்கள். ஆரஞ்ச், பாதர்ஸ்ட், ஃபோர்ப்ஸ், வெலிங்டன், மட்ஜி, கவ்ரா என்று மேற்கே உள்ள கோதுமை, ஆட்டு ஊர்களில் துணைத் தொழிற்சாலைகள். ஒரு ஊரில் ஒரு பாகம், இன்னொரு ஊரில் இன்னொன்று. வீட்டிலிருந்தே நடந்து போய் வேலை பார்க்கலாம், லித்கோவில் கட்டிலுக்குக் காத்திருக்க வேண்டாம். வேலைக்கு வந்தவர்களில் பலர் அதற்கு முன் மைக்ரோமீட்டரைக் கையில் பிடித்ததில்லை. அவர்கள் செய்த பாகம் லித்கோவில் செய்த உடலில் போய் உட்கார வேண்டும், உட்கார்ந்தது. டர்னர் ஐயா இரண்டாம் பதிவில் சொன்ன கேஜ் கதையின் முழு அர்த்தம் எனக்கு அங்கேதான் புரிந்தது.

ஒவ்வொரு ஊரும் தன் பாகத்தில் இரண்டு எழுத்து குத்தியது. லித்கோ என்றால் எம்.ஏ., ஆரஞ்ச் ஓ.ஏ., பாதர்ஸ்ட் பி.ஏ., ஃபோர்ப்ஸ் எஃப்.ஏ., வெலிங்டன் டபிள்யூ.ஏ. மரக்கட்டையில் சில சமயம் ஸ்லாஸ் என்று இருக்கும், அது டென்னிஸ் மட்டை செய்யும் ஸ்லாசெஞ்சர் கம்பெனி. ஒரே துப்பாக்கியைக் கழற்றி மேசையில் பரப்பினால் நாலைந்து ஊர் கிடக்கும்.

போர் முடிந்ததும் துணைத் தொழிற்சாலைகளை மூடினார்கள். ஆரஞ்ச் கட்டடம் 1946இல் தனியார் கைக்குப் போய்க் குளிர்சாதனப் பெட்டி செய்யும் இடமானது, 2016 வரை ஓடியது. அந்த ஊரின் இளைய தலைமுறைக்கு அது ஃபிரிட்ஜ் ஃபேக்டரிதான், துப்பாக்கி தெரியாது. லித்கோ மூடவில்லை, ஆனால் தையல் எந்திரம், கோல்ஃப் மட்டை என்று மறுபடி ஆர்டர் தேடி அலைந்தது. அப்புறம் எஸ்.எல்.ஆர். ரைஃபிள், அப்புறம் ஆஸ்டைர் ரைஃபிள். இன்று தேல்ஸ் கம்பெனியிடம் இருக்கிறது.

#13 கரிசல்மண்

என் மாமா மகன் சிட்னியில் இருக்கிறான், அடுத்த மாதம் போகிறேன். லித்கோ போனால் பார்க்க என்ன இருக்கிறது?

#14 மலைக்கு மேற்கே

சிட்னி சென்ட்ரலிலிருந்து நேர் ரயில் உண்டு, மலை ஏறி இறங்க இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். லித்கோ நெருங்கும்போது வரிசையாகச் சுரங்கப்பாதைகள் வரும், 1910இல் வெட்டியவை, மொத்தம் பத்து. இந்தத் தொழிற்சாலைக்குப் போன எந்திரங்களும் இந்த மலையைத்தான் தாண்டிப் போயின.

ஊரில் ஸ்மால் ஆர்ம்ஸ் ஃபேக்டரி மியூசியம் இருக்கிறது, நடத்துபவர்கள் தன்னார்வலர்கள். தினமும் திறந்திருக்காது, நாள் பார்த்துப் போங்கள். துப்பாக்கி அறையில் எல்லாரும் நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள். அதோடு தையல் எந்திரம், கைவிலங்கு, ரோமக் கத்தரி வைத்திருக்கும் பக்கமும் போங்கள், நான் அங்கேதான் அதிக நேரம் நின்றேன். வாய்ப்புக் கிடைத்தால், முன்கட்டை கழற்றிய போர்க்கால ரைஃபிள் ஒன்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். மரவேலைக்காரன் சொன்ன செம்புத் தகடு கண்ணில் பட்டால் எங்களுக்கும் ஒரு படம் போடுங்கள்.

#15 மரவேலைக்காரன்

படம் எடுக்கும்போது வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து விழட்டும். நேர் வெளிச்சத்தில் செம்பும் கோச்வுட்டும் ஒரே நிறமாகத் தெரியும்.